நைவ் ரி கலங்களையும் ஞாபக ரி கலங்களையும் ஃபுளோ சைற்றோமெற்றியில் பிரித்தறிதல்: திருகோணமலையில் மாதிரி எடுப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஃபுளோ சைற்றோமெற்றி என்பது, சாயம் பூட்டிய பிறபொருளெதிரிகள் ஒட்டிய கலங்களை லேசர் ஒளியின் முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் முறை. குருதியில் ஓடும் நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகையான ரி கலங்களுள் எவை தமக்குரிய பிறபொருளெதிரியாக்கியை இன்னும் சந்திக்காத நைவ் கலங்கள், எவை அதனை ஒரு தடவையேனும் சந்தித்துப் பெருகித் தங்கிய ஞாபகக் கலங்கள் என்று கேட்டால், சீடி45ஆர்ஏ என்ற மேற்பரப்புக் குறிப்பான் உள்ளது நைவ், சீடி45ஆர்ஓ உள்ளது ஞாபகம் என்று ஒரே வரியில் விடை சொல்லும் வழக்கம் பலரிடமும் இருக்கிறது. அந்த விடை, ரி கலங்களின் இரு பெரும் வகைகளுள் உதவி செய்யும் வகையான சீடி4 கலங்களில் ஓரளவு ஒப்பேறிவிடும். தொற்றிய கலங்களைக் கொல்லும் வகையான சீடி8 கலங்களிலோ, நடுவயதைத் தாண்டியவரின் குருதியிலோ, டெங்குக் காய்ச்சலிலிருந்து அண்மையில் எழுந்தவரின் குருதியிலோ அதே விடை பெரிய பிழையாக மாறும். குறிப்பான் என்பது கலம் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது கடந்துவந்த வழியை நாம் ஊகிக்கிறோம். அந்த ஊகம் நம்பத்தக்கதாக இருக்கவேண்டுமாயின், குறைந்தது இரண்டு குறிப்பான்களைச் சேர்த்தும், கேற்றுகளை, அதாவது வரைபில் ஒரு கலத்தொகுதியைச் சூழ இடும் எல்லைகளை, சரியான வரிசையில் இட்டும், எல்லைக்கோடு ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டுப்பாட்டு மாதிரியை வைத்தும் பார்க்கவேண்டும்.

இவ்வழிகாட்டி, மாதிரியைத் திருகோணமலையில் எடுத்து, வேறு நகரமொன்றிலுள்ள கருவியில் ஓட்டவேண்டிய நிலையில் இருப்பவர்களை, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலும் பிற இடங்களிலும் உயிரியல் கற்கும் பட்டதாரி மாணவர்களையும், மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. மனிதக் குருதியைக் கையாள்வதற்கான ஒழுக்கநெறி அனுமதியும் கொடையாளரின் எழுத்துமூலச் சம்மதமும் முன்கூட்டியே பெறப்பட்டுள்ளன என்ற எடுகோளுடனேயே அது தொடங்குகிறது.

குறிப்பான்கள் உண்மையில் எவற்றைக் காட்டுகின்றன

சீடி45 என்பது வெண்குழியங்கள் அனைத்தின் மேற்பரப்பிலும் காணப்படும் ஒரு பொசுபற்றேசு நொதியம். அதன் பரம்பரையலகிலுள்ள 4, 5, 6 ஆம் எக்சோன்கள் (புரதத்துக்கான குறியைத் தாங்கிய துண்டுகள்) சேர்க்கப்படுவதையும் விடப்படுவதையும் பொறுத்து அப்புரதம் பல வடிவங்களைப் பெறுகிறது. 4 ஆம் எக்சோன் சேர்ந்திருந்தால் அது சீடி45ஆர்ஏ. மூன்றும் நீக்கப்பட்டு ஏறத்தாழ 180 கிலோடாற்றன் அளவுக்குக் குறுகியிருந்தால் அது சீடி45ஆர்ஓ. நைவ் கலம் தூண்டப்படும்போது எக்சோன்களை வெட்டி இணைக்கும் பொறிமுறை மாறுவதனால் நீண்ட வடிவத்திலிருந்து குறுகிய வடிவத்துக்கு மாற்றம் நிகழ்கிறது. ஆனால் இம்மாற்றம் ஒருவழிப் பாதையன்று. பலமுறை தூண்டப்பட்ட சில கலங்கள், குறிப்பாகச் சீடி8 கலங்கள், சீடி45ஆர்ஏ வடிவத்தை மீண்டும் வெளிக்காட்டுகின்றன. ஒற்றைக் குறிப்பானை நம்பக்கூடாது என்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இரண்டாவது அச்சாகப் பயன்படுவது சீசீஆர்7. இது நிணநீர்க்கணுக்களின் கீமோகைன்களை (கலங்களை ஈர்க்கும் சிறு புரதங்களை) உணர்ந்து கலத்தை அங்கே அழைத்துச் செல்லும் வாங்கி. நைவ் கலம் தன் பிறபொருளெதிரியாக்கியைத் தேடி நிணநீர்க்கணுக்களுக்குள் திரும்பத் திரும்பப் புகவேண்டியிருப்பதால், சீசீஆர்7 அதற்கு இன்றியமையாதது. இழையங்களுக்குள் சென்று உடனடியாகச் செயற்படும் ஞாபகக் கலத்துக்கு அது தேவையில்லை. 1999 இல் ஃபெடெரிகா சலூஸ்டோவும் அன்ரோனியோ லான்சவேக்கியாவும் தம் குழுவினருடன் இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு ஞாபகக் கலங்களை மைய ஞாபகக் கலங்கள், செயலாற்று ஞாபகக் கலங்கள் என இரண்டாகப் பிரித்துக் காட்டினர். சீடி45ஆர்ஏயை ஓர் அச்சிலும் சீசீஆர்7ஐ மற்றோர் அச்சிலும் இட்டு நான்கு கட்டங்களாகப் பார்க்கும் இன்றைய வழக்கம் அங்கிருந்தே வருகிறது.

அந்நான்கு கட்டங்களில், இரண்டும் உள்ளவை நைவ் கலங்கள் நிறைந்த கட்டம். சீடி45ஆர்ஏ இன்றிச் சீசீஆர்7 மட்டும் உள்ளவை மைய ஞாபகக் கலங்கள். இரண்டும் அற்றவை செயலாற்று ஞாபகக் கலங்கள். சீசீஆர்7 இன்றிச் சீடி45ஆர்ஏ மட்டும் உள்ளவை, ஆய்வுகூடப் பேச்சில் ரெம்ரா என்று வழங்கும், சீடி45ஆர்ஏயை மீண்டும் பெற்ற முதிர்ந்த செயலாற்றுக் கலங்கள். இந்த ரெம்ரா கலங்கள், பிற கலங்களைக் கொல்லும் புரதங்களான பேர்ஃபோரினும் கிரான்சைம் பியும் நிறைந்தவை, பெரும்பாலும் சீடி57 தாங்கியவை, சைற்றோமெகலோ வைரசுத் தொற்று உள்ளவர்களிடம் மிகுந்து காணப்படுபவை. சீடி45ஆர்ஏயை மட்டும் பார்ப்பவர் இவற்றையும் நைவ் கணக்கில் சேர்த்துவிடுவார். அதாவது, நோயெதிர்ப்பில் மிகவும் அடிபட்டுத் தேர்ந்த கலங்களை ஒன்றும் அறியாதவை என்று எழுதிவிடுவார்.

முதலாவது கட்டத்தை 'நைவ் கலங்கள்' என்று முடிக்காமல் 'நைவ் கலங்கள் நிறைந்த கட்டம்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 2011 இல் மனிதக் குருதியில் விவரிக்கப்பட்ட மூலநிலை ஞாபகக் கலங்கள், சீடி45ஆர்ஏ, சீசீஆர்7, சீடி62எல், சீடி27, சீடி28 ஆகிய அனைத்தையும் நைவ் கலங்களைப் போலவே தாங்கியிருப்பவை. சீடி95, சீடி122, சீஎக்ஸ்சீஆர்3 ஆகியவற்றை வெளிக்காட்டுவதால் மட்டுமே அவை பிரித்தறியப்படுகின்றன. குருதி ரி கலங்களில் அவை ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதமே. எனினும் தடுப்பூசி ஆய்வில் நீண்டகால ஞாபகம் எங்கே தங்கியிருக்கிறது என்று தேடுபவருக்கு இந்தச் சிறு தொகுதியே முக்கியமானது. ஆகவே, உண்மையான நைவ் கலம் என்று எழுத விரும்புபவர் சீடி95 இல்லை என்பதையும் காட்டியே ஆகவேண்டும்.

சீடி27, சீடி28 ஆகிய இரண்டும் கலம் எவ்வளவு தூரம் முதிர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும் துணைக் குறிப்பான்கள். இவை இழக்கப்படும் ஒழுங்கு இரு வகைக் கலங்களிலும் ஒன்றல்ல: சீடி8 கலங்கள் பொதுவாக முதலில் சீடி28ஐயும் பின்னர் சீடி27ஐயும் இழக்கின்றன, சீடி4 கலங்களில் சீடி27 முன்னரும் சீடி28 பின்னரும் மறைகின்றன. ஒரு வகைக்கு வகுத்த கேற்றை மற்றதற்கு அப்படியே பெயர்த்து வைக்கக்கூடாது.

சீடி62எல் நிணநீர்க்கணுவுக்குள் புகுவதற்கான மற்றொரு மூலக்கூறு. பழைய ஆய்வுகளில் சீசீஆர்7இன் இடத்தில் இதையே காண்பீர்கள். இங்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. கலம் தூண்டப்பட்டவுடன் அடாம்17 என்ற நொதியம் இதை மேற்பரப்பிலிருந்து வெட்டிவிடுகிறது. உறையவைத்து உருக்கும்போதும் இது பெருமளவு இழக்கப்படுகிறது. நெடுந்தூரம் பயணம் செய்யும் மாதிரியில் இத்தகைய குறிப்பானை அச்சாகக் கொள்வது வீண் வம்பு.

எலியைக் கொண்டு செய்த ஆய்வுகளை வாசித்துவிட்டு வருபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. எலியில் வழமையான இணை சீடி44உம் சீடி62எல்உம் ஆகும்; சீடி44 தாழ்ந்து சீடி62எல் உயர்ந்திருப்பது நைவ், சீடி44 உயர்ந்திருப்பது ஞாபகம். மனிதக் குருதிக்கு அந்தத் திட்டத்தை அப்படியே பயன்படுத்த முடியாது.

முதற்படி: குருதியை எடுத்தலும் அனுப்புதலும்

கருவிக்கு முன் நின்று செலவிடும் நேரத்தைவிட இந்தப் படியில் காட்டும் கவனமே பெறுபேற்றைத் தீர்மானிக்கிறது. மேற்பரப்புக் குறிப்பான்களை மட்டும் பார்ப்பதானால் ஈடிரிஏ குழாய் போதும். கலங்களைப் பின்னர் தூண்டிப் பார்க்கும் எண்ணமும் இருந்தால் ஹெப்பாரின் குழாயே பொருத்தம். ஓர் ஆய்வின் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே வகைக் குழாயையே பயன்படுத்தவேண்டும்.

குருதியை 18 முதல் 25 பாகை செல்சியசுக்குள் வைத்து, இயன்றால் அன்றைக்கே, தவறினால் 24 மணித்தியாலத்துக்குள் சாயமிடும் நிலைக்குக் கொண்டுவரவேண்டும். திருகோணமலையில் இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பநிலை 35 பாகையை எட்டும்; கொழும்புக்கான பாதை கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மீனை ஐஸ் போட்டு அனுப்பிப் பழகிய ஊரில், குருதியையும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி அனுப்பும் கை தானாகவே வந்துவிடுகிறது. இது தவறு. குளிர்ந்த குருதியில் அடர்த்திப் படித்திறன் பிரிப்பு ஒழுங்காக அமையாது; நிணநீர்க்குழியங்களின் இழப்பும் கூடும். அறை வெப்பநிலைக்குச் சமப்படுத்திய ஜெல் பொதிகளை, அதாவது உறையவைக்காமல் 20 பாகையளவில் வைத்தவற்றை, குழாய்களைச் சுற்றி அடுக்கி, குழாய்கள் நேராக நிற்கும்படி பெட்டியை மூடவேண்டும். பெட்டிக்குள் சிறிய வெப்பநிலைப் பதிவி ஒன்றை இட்டு, அதன் பதிவைத் தரவுடன் சேர்த்து வைத்திருப்பது நல்லது. பகற்பயணத்தைவிட இரவுப் புகையிரதமோ இரவுப் பேருந்தோ மேலானது.

அறையில் மையநீக்கி இருந்தால், குருதியாக அனுப்பாமல் ஒற்றைக்கருக் குழியங்களை (நிணநீர்க்குழியங்களையும் மொனோசைற்றுகளையும்) இங்கேயே பிரித்து அனுப்புவது பாதுகாப்பானது. குருதியைச் சம அளவு பொசுபேற்றுத் தாங்கற் கரைசலால் ஐதாக்கி, அடர்த்தி 1.077 உடைய ஃபைக்கோல் கரைசலின்மேல் குலையாமல் படரவிட்டு, 400 ஜி விசையில் 30 நிமிடங்கள், மையநீக்கியின் தடுப்பை (பிரேக்கை) நிறுத்திய நிலையில் சுழற்றவேண்டும். பிளாஸ்மாவுக்கும் ஃபைக்கோலுக்கும் இடையே மங்கிய வெண்வளையமாகத் தெரிவதே நமக்கு வேண்டியது. ஒரு நாளுக்கு மேற்பட்ட குருதியில் சிறுமணிக் குழியங்களின் அடர்த்தி மாறி, அவையும் இவ்வளையத்துக்குள் புகுந்துவிடும். வளையம் தடித்தும் கலங்கியும் தெரிந்தால் கலங்கள் நிறையக் கிடைத்துவிட்டன என்று மகிழவேண்டாம்.

இரண்டாம் படி: பனலை அமைத்தல்

பனல் என்பது, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பானைப் பற்றும், வெவ்வேறு சாயம் பூட்டிய பிறபொருளெதிரிகளின் தொகுப்பு. நீலம் 488, சிவப்பு 640, ஊதா 405 நானோமீற்றர் ஆகிய மூன்று லேசர்கள் உள்ள எட்டு நிறக் கருவி இவ்வேலைக்குத் தாராளமாகப் போதும். எட்டு இடங்களையும் நான் பின்வருமாறு நிரப்புவேன்: சீடி45ஆர்ஏ எஃப்ஐரிசியில், சீடி27 பிஈயில், சீடி4 பேர்சிபி-சை5.5இல், எல்லா ரி கலங்களிலும் உள்ள சீடி3 பிஈ-சை7இல், சீடி95 ஏபிசியில், சீசீஆர்7 பிரிலியண்ட் வயலட் 421இல், சீடி8 பிரிலியண்ட் வயலட் 510இல், இறந்த கலங்களைக் காட்டும் உயிர்ப்புச் சாயம் அண்மைச் செந்நிறக்கீழ் அலைவரிசையில்.

இந்த ஒழுங்கு தற்செயலானதன்று. சீசீஆர்7 மங்கலாகவே தெரியும் குறிப்பான். ஆகையால் பிரகாசமான சாயம் அதற்கே உரியது. சீடி45ஆர்ஏ கலத்தில் செறிவாக இருப்பதால் எஃப்ஐரிசி போன்ற சுமாரான சாயத்தையும் தாங்கும். எஃப்ஐரிசியின் ஒளி பிஈ அலைவரிசைக்குள் கசியும் என்பதால், சீடி95ஐப் பிஈயில் வைத்தால், சீடி45ஆர்ஏ மிகுந்த கலங்களிலேயே சீடி95இன் அளவீடு பரந்து குழம்பும்; மூலநிலை ஞாபகக் கலங்களைத் தேடும் இடம் சரியாக அதுவே என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் சீடி95 ஏபிசிக்குப் போகிறது.

ஏபிசி-சை7 போன்ற, இரண்டு சாயங்கள் பிணைந்த இணைச்சாயத்தை இந்தப் பனலில் சேர்க்காமைக்கும் காரணம் உண்டு. வெப்பமும் வெளிச்சமும் பட்ட இணைச்சாயம் சிதைந்து, தன் முதற்பாதியான ஏபிசியின் நிறத்தில் ஒளிரத் தொடங்கும். சீடி8ஐ அதில் வைத்திருந்தால், சிதைந்த சாயத்தின் ஒளி ஏபிசியில் விழுந்து, சீடி8 கலங்கள் எல்லாம் சீடி95 தாங்கியவை போலத் தோன்றும். மின்வெட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவு அடிக்கடி திறபடுவதும் வழமையான இடங்களில் இது கற்பனையான ஆபத்தன்று. அண்மைச் செந்நிறக்கீழ் உயிர்ப்புச் சாயம் இணைச்சாயமன்று. ஆகவே அந்த அலைவரிசையை அதற்குக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். பிஈ-சை7உம் இணைச்சாயமே, ஆனால் அது சிதைந்தால் ஒளி சீடி27இன் அலைவரிசையில் விழும். சீடி27 பிரகாசமான குறிப்பான் என்பதால் சேதம் சிறியது. எனினும் குப்பியை இருளில், 4 பாகையில், ஒருபோதும் உறையவிடாமல் வைத்திருக்கவேண்டும்.

குளோன்களைப் பொறுத்தவரை, அதாவது ஒரே குறிப்பானைப் பற்றும் பிறபொருளெதிரியின் வெவ்வேறு வகைகளைப் பொறுத்தவரை, சீடி45ஆர்ஏக்கு எச்ஐ100, சீசீஆர்7க்கு ஜி043எச்7, சீடி95க்கு டிஎக்ஸ்2 ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. ஆய்வின் நடுவில் குளோனை மாற்றக்கூடாது. ஒவ்வொரு பிறபொருளெதிரியையும் தொடரடுக்கு ஐதாக்கத்தில் பரிசோதித்து, நேர்த் தொகுதிக்கும் எதிர்த் தொகுதிக்கும் இடையிலான பிரிவு மிகக்கூடிய செறிவைத் தெரிவுசெய்யவேண்டும். உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் அளவு பெரும்பாலும் தேவையைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிக்கனத்துக்காக மட்டுமன்றி, பின்னணி ஒளியைக் குறைப்பதற்காகவும் இந்த வேலையைத் தவிர்க்கக்கூடாது.

மூன்றாம் படி: சாயமிடல்

குழாய் ஒன்றுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் கலங்களை எடுத்து, புரதம் கலக்காத பொசுபேற்றுத் தாங்கற் கரைசலால் கழுவவேண்டும். உயிர்ப்புச் சாயம் அமைன் கூட்டங்களுடன் பிணையும் தன்மையது. கரைசலில் சீரம் இருந்தால் சாயம் அதிலேயே செலவாகி, கலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. சாயமிட்டு, இருளில், அறை வெப்பநிலையில் 10 முதல் 15 நிமிடங்கள் வைத்தபின், 2 சதவீதக் கன்றுச் சீரமும் 2 மில்லிமோலர் ஈடிரிஏயும் கலந்த கரைசலால் கழுவலாம்.

அடுத்து, பிறபொருளெதிரியின் வாற்பகுதியைப் பற்றும் எஃப்சி வாங்கிகளை அடைக்கும் கரைசலை இட்டுப் பத்து நிமிடம் விடவேண்டும். இதைத் தவிர்த்தால் மொனோசைற்றுகள் கண்ட பிறபொருளெதிரியையெல்லாம் பற்றிக்கொண்டு பொய்யான ஒளியைத் தரும்.

சீசீஆர்7ஐ மற்றவற்றுடன் ஒன்றாக இட்டுவிடாமல், தனியே முதலில் இட்டு, 37 பாகையில் 15 நிமிடங்கள் வைக்கவேண்டும். கீமோகைன் வாங்கிகள் மேற்பரப்புக்கும் கலத்தின் உட்புறத்துக்கும் இடையே சுழன்றுகொண்டிருப்பவை. 37 பாகையில் அச்சுழற்சி நடைபெறுவதால் கூடுதலான வாங்கிகள் பிறபொருளெதிரியைச் சந்திக்கின்றன. 4 பாகையில் சாயமிட்டால் சீசீஆர்7 உள்ளதும் அற்றதும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே மேடாகத் தெரியும். 37 பாகையில் அதே மாதிரி இரண்டு மேடுகளாகப் பிரியும். இந்த ஒரு மாற்றத்தால் மீட்கப்பட்ட பரிசோதனைகள் பல.

பின்னர் எஞ்சிய பிறபொருளெதிரிகளின் கலவையை இடலாம். பிரிலியண்ட் வகைச் சாயங்கள் இரண்டு இருப்பதால், அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் விசேட தாங்கற் கரைசலில் கலவையைத் தயாரிக்கவேண்டும். அறை வெப்பநிலையில், இருளில், 20 முதல் 30 நிமிடங்கள் போதும். திருகோணமலையில் அறை வெப்பநிலை என்பது குளிரூட்டப்படாத அறையில் 30 பாகையைத் தாண்டிவிடும் என்பதால், 22 பாகையில் நிறுத்திய நீர்த்தொட்டியில் குழாய்களை வைப்பது நாளுக்கு நாள் வேறுபாட்டைக் குறைக்கும். கழுவிய பின் 300 மைக்ரோலீற்றரில் கரைத்து உடனே ஓட்டலாம். மறுநாள்தான் கருவி கிடைக்குமாயின், 1 சதவீதப் பராஃபோமல்டிஹைட்டில் நிலைப்படுத்தி, இருளில், 4 பாகையில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் ஓட்டவேண்டும். நிலைப்படுத்திய மாதிரிக்கு, நிலைப்படுத்திய கட்டுப்பாடுகளையே பயன்படுத்தவேண்டும்.

பிரிக்காத முழுக்குருதியில் சாயமிடுபவர்கள், செங்குழியங்களைச் சிதைக்கும் வணிகக் கரைசல்கள் சிலவற்றில் ஃபோமல்டிஹைட் கலந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். அத்தகையவற்றைச் சாயமிட்ட பின்னரே பயன்படுத்தலாம்.

நான்காம் படி: கட்டுப்பாடுகள்

ஈடுசெய்தலுக்காக, அதாவது ஒரு சாயத்தின் ஒளி மற்றதன் அலைவரிசைக்குள் கசிவதைக் கழிப்பதற்காக, ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியே மணிகளையோ கலங்களையோ சாயமிட்டு ஓட்டவேண்டும். இணைச்சாயங்களுக்கு, பரிசோதனையில் பயன்படும் அதே குப்பியிலிருந்தே எடுக்கவேண்டும். ஐசோரைப் கட்டுப்பாட்டை (குறிப்பான் எதையும் பற்றாத, அதே வகைப் பிறபொருளெதிரியை) நம்பிக் கேற்றின் எல்லையைத் தீர்மானிப்பது இவ்வகை வேலைக்கு உதவாது. வேண்டியது, ஒரு சாயத்தை மட்டும் விட்டு மற்ற அனைத்தையும் இட்ட கட்டுப்பாடு. எட்டுக்கும் அதைச் செய்யத் தேவையில்லை: சீடி3, சீடி4, சீடி8 ஆகியவை தெளிவாகவே பிரிந்து நிற்கும். சீசீஆர்7, சீடி95 ஆகிய இரண்டுக்கும் மட்டும் அது கட்டாயம். சீடி27க்கு இருந்தால் நல்லது.

ஒவ்வொரு ஓட்டத்திலும், முன்னரே உறையவைத்த ஒரே கொடையாளரின் கலங்களில் ஒரு குப்பியை உருக்கிச் சேர்த்து ஓட்டினால், இன்று தெரிந்த மாற்றம் நோயாளியுடையதா, கருவியுடையதா என்ற கேள்விக்கு விடை கையிலிருக்கும்.

ஐந்தாம் படி: கேற்றிங்

முதலில் நேரத்துக்கு எதிரான வரைபைப் பார்த்து, ஓட்டம் தடைப்பட்ட பகுதிகளை நீக்கவேண்டும். அடுத்து, முன்சிதறலின், அதாவது கலம் முன்னோக்கிச் சிதறும் ஒளியின், பரப்பையும் உயரத்தையும் எதிரெதிர் அச்சில் இட்டு, மூலைவிட்டத்தில் அமையும் ஒற்றைக் கலங்களை மட்டும் தெரிவுசெய்யவேண்டும். ஒரு நைவ் கலமும் ஒரு ஞாபகக் கலமும் ஒட்டிக்கொண்டு போனால், கருவிக்கு அது சீடி45ஆர்ஏயும் சீடி95உம் தாங்கிய ஒற்றைக் கலம். அதாவது போலியான மூலநிலை ஞாபகக் கலம். அரிய தொகுதியைத் தேடுபவர் இந்தக் கேற்றை இறுக்கமாகவே இடவேண்டும். பின்னர் நிணநீர்க்குழியங்களின் சிதறற் பரப்பு, அதன்பின் உயிர்ப்புச் சாயம் ஏற்காத சீடி3 கலங்கள், அதன்பின் சீடி4ஐயும் சீடி8ஐயும் எதிரெதிராக இட்டுப் பிரித்தல் என்று வரிசை செல்கிறது.

இங்கிருந்து சீடி4, சீடி8 ஆகிய இரண்டையும் தனித்தனியே நடத்தவேண்டும். ஒவ்வொன்றிலும் சீடி45ஆர்ஏயைச் சீசீஆர்7க்கு எதிராக வரையுங்கள். சீடி4 வரைபில் கட்டங்கள் பெரும்பாலும் தெளிவாகப் பிரிந்திருக்கும். ரெம்ரா கட்டம் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். சீடி8 வரைபில் சீடி45ஆர்ஏ தொடர்ச்சியான கோடாக இழுபட்டிருப்பது இயல்பு. அங்கே கோட்டை எங்கே இடுவது என்று திணறுபவர்கள், அதே மாதிரியில் சீடி27 மிகுந்து சீசீஆர்7 உள்ள இறுக்கமான கூட்டத்தை முதலில் அடையாளம் கண்டு, அதன் சீடி45ஆர்ஏ அளவின் கீழ்விளிம்பை எல்லையாகக் கொள்ளலாம். எதிர்ப்பெறுமானங்களையும் காட்டும் இருமடி அளவுத்திட்டத்தைப் பயன்படுத்தவேண்டும். வெறும் மடக்கை அச்சில் பாதிக் கலங்கள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கண்ணை ஏமாற்றும்.

சீடி45ஆர்ஏ, சீசீஆர்7 இரண்டும் உள்ள கட்டத்தை மட்டும் எடுத்துச் சீடி27க்கு எதிராகச் சீடி95ஐ வரையும்போது, சீடி27 மிகுந்து சீடி95 அற்ற பெருங்கூட்டம் நைவ் கலங்கள். அதே சீடி27 அளவில் சீடி95 உள்ள மெல்லிய தொகுதி மூலநிலை ஞாபகக் கலங்கள். எல்லைக்கோடு, சீடி95ஐ விட்ட கட்டுப்பாட்டிலிருந்து வரவேண்டும். சீடி4 நைவ் கலங்களில் தைமஸ் சுரப்பியிலிருந்து அண்மையில் வெளிவந்தவை எவை என்று கேட்பவர்கள், அடுத்த ஓட்டத்தில் சீடி27இன் இடத்துக்குச் சீடி31ஐக் கொண்டுவரலாம்.

எத்தனை கலங்களைச் சேகரிப்பது என்பதையும் கணக்கிட்டே தீர்மானிக்கவேண்டும். உயிருள்ள சீடி3 கலங்கள் 100,000 சேகரித்து, அவற்றில் 30 சதவீதம் சீடி8 என்றால் அவை 30,000. அவற்றில் 2 சதவீதம் மூலநிலை ஞாபகக் கலங்கள் என்றால் 600. எண்ணும் செயலால் மட்டும் வரும் வழு 600இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 24. இது 4 சதவீதம். 10,000 கலங்களுடன் நிறுத்தியவரின் கையில் இருப்பது 60. அவருடைய வழு 13 சதவீதம். நேரம் குறைவு என்பதற்காக இந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பதில் பயனில்லை.

வழக்கமாக ஏமாற்றும் நிலைகள்

திருகோணமலை மாவட்டத்தில் காய்ச்சல் நோயாளியிடமிருந்து மாதிரி எடுப்பவர் டெங்குவை மறந்து தரவை வாசிக்க முடியாது. 2017 இல் நாடெங்கும் 186,000க்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளர்கள் பதிவான ஆண்டில், இம்மாவட்டத்திலுள்ள கிண்ணியா மிகவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கடுந்தொற்றின்போது தூண்டப்பட்ட ரி கலங்கள், தூண்டலைக் காட்டும் குறிப்பான்களான எச்எல்ஏ-டிஆர், சீடி38 ஆகியவற்றை ஒருங்கே வெளிக்காட்டுகின்றன. அவற்றுட் பல, ஆர்ஏயிலிருந்து ஆர்ஓவுக்கு மாறும் வழியில் இரண்டையும் தாங்கிய இடைநிலையில் இருக்கும். அந்நாள்களில் எடுத்த மாதிரியில் 'ஞாபகக் கலங்கள் கூடிவிட்டன' என்று எழுதுவது பொருந்தாது. கூடியவை செயலில் இருக்கும் கலங்கள், அவற்றுட் பெரும்பாலானவை இறந்து ஒழியும். ஞாபகத்தை அளக்க விரும்பினால், தொற்று அடங்கிச் சில வாரங்கள் கழிந்தபின் எடுக்கவேண்டும். இல்லையேல் அவ்விரு குறிப்பான்களையும் பனலில் சேர்க்கவேண்டும்.

இதன் தொடர்ச்சியாக மற்றொன்று. சீடி4 வரைபில் ரெம்ரா கட்டம் வெறுமையாக இருக்கும் என்று மேலே எழுதினேன். டெங்குவைச் சந்தித்தவர்களிடம் அது எப்போதும் பொருந்தாது. இலங்கைக் குருதிக் கொடையாளர்களின் மாதிரிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்று, டெங்கு வைரசுக்கு எதிரான சீடி4 கலங்கள் அந்தக் கட்டத்திலேயே பெருகியிருப்பதையும், அவை சீஎக்ஸ்3சீஆர்1 என்ற வாங்கியைத் தாங்கி, பிற கலங்களைக் கொல்லும் ஆற்றலுடன் இருப்பதையும் காட்டியது. ஐரோப்பிய மாதிரிகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் நம்மவரின் வரைபில் அந்தக் கூட்டத்தைக் கண்டு ஈடுசெய்தற் பிழை என்று அழித்துவிடக்கூடும். அழிக்குமுன் கட்டுப்பாட்டு மாதிரியைப் பார்க்கவேண்டும்.

வயதும் கணக்கில் எடுக்கப்படவேண்டும். தொப்புட்கொடிக் குருதியில் ரி கலங்களில் மிகப் பெரும்பாலானவை நைவ். வயது ஏற ஏற அவை குறைகின்றன, அதிலும் சீடி8 நைவ் கலங்களின் வீழ்ச்சி செங்குத்தானது. வயதால் பொருத்தப்படாத ஒப்பீட்டுக் குழுவுடன் எந்தச் சதவீதத்தையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

அரிதாக, கலங்கள் அனைத்தும் சீடி45ஆர்ஏ தாங்கியவையாகவே தோன்றும் கொடையாளர் ஒருவர் அகப்படுவார். சீடி45 பரம்பரையலகின் 4 ஆம் எக்சோனில் 77 ஆவது இடத்தில் சைற்றோசினுக்குப் பதிலாகக் குவானின் அமைந்தவர்களில் அந்த எக்சோன் சரிவர நீக்கப்படுவதில்லை. ஞாபகக் கலங்களும் ஆர்ஏயை விடாமல் வைத்திருக்கும். பரிசோதனை பிழைத்துவிட்டது என்று மாதிரியை எறியாமல், சீடி45ஆர்ஓ, சீடி95 ஆகியவற்றைப் பார்த்தால் உண்மை தெரியும்.

இழையங்களில் தங்கிவிடும் ஞாபகக் கலங்கள், அதாவது சீடி69ஐயும் பலவேளைகளில் சீடி103ஐயும் தாங்கியவை, குருதியில் சுற்றுவதில்லை. குருதியில் ஞாபகம் குறைவு என்பதை உடலில் ஞாபகம் குறைவு என்று எழுதிவிடக்கூடாது.

ஆறாம் படி: பெறுபேற்றை எழுதுதல்

தொகுதியின் பெயரை மட்டும் எழுதாமல், எந்தக் குறிப்பான்களால் அதை வரையறுத்தீர்கள், எந்தத் தாய்த்தொகுதியின் சதவீதம், குருதி எடுத்தது முதல் சாயமிட்டது வரை சென்ற நேரம் எவ்வளவு என்பவற்றையும் எழுதவேண்டும். 'நைவ் 40 சதவீதம்' என்பது தரவன்று. 'சீடி8 கலங்களில் சீடி45ஆர்ஏ உள்ள, சீசீஆர்7 உள்ள, சீடி95 அற்ற கலங்கள் 40 சதவீதம்' என்பதே தரவு.

சதவீதத்துடன் தனி எண்ணிக்கையும் வேண்டும். அதற்காகவே குருதி எடுக்கும்போது முழுக்குருதி எண்ணிக்கைக்கும் ஒரு குழாய் சேர்த்து எடுக்கச் சொல்வது வழக்கம். அந்தப் பரிசோதனை திருகோணமலையிலேயே முடிந்துவிடும். மைக்ரோலீற்றருக்கு நிணநீர்க்குழியங்கள் 2,000, அவற்றில் சீடி3 70 சதவீதம் என்றால் 1,400. அதில் சீடி8 30 சதவீதம் என்றால் 420. அதில் நைவ் 40 சதவீதம் என்றால் 168. இதே நபரில் வைரசுத் தொற்றொன்றின் பின் செயலாற்றுக் கலங்கள் மட்டும் பெருகிச் சீடி8 எண்ணிக்கை 840 ஆக இரட்டித்தால், நைவ் கலங்கள் ஒன்றுகூடக் குறையாமலே அவற்றின் சதவீதம் 20 ஆகிவிடும். சதவீதத்தை மட்டும் எழுதியவர் நைவ் கலங்கள் பாதியாகிவிட்டன என்பார். எண்ணிக்கையையும் எழுதியவரின் அட்டவணையில் 168 மாறாமல் இருக்கும்.